கழுத்தோரக் குட்டிப் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஒயர் ஹெட்போனைச் செருகி ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்க உதவும் கையடக்க அடாப்டர்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால், ஒன்று அந்த இரண்டு வரியை எழுதாமலே இருந்திருக்க வேண்டும், அல்லது இருபது பக்கம் எழுதியிருக்க வேண்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். நான் கேட்டது அப்படியே வரவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: புதுப் போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை. ஆசை ஆசையாக வாங்கிய ஒயர் ஹெட்போன் மூலையில் கிடக்கிறது. இந்த அடாப்டரை வாங்குவதா, பேசாமல் ஒரு ப்ளூடூத் ஹெட்போனே வாங்கிவிடுவதா?

பதில்: அந்த ஹெட்போனின் ஒலி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் மூலையிலிருந்து எடுங்கள். இந்த அடாப்டர் பெட்டிக்குள் இருப்பவை ப்ளூடூத் சிப், எண்களாக வருவதை மின் அலையாக மாற்றும் டிஏசி, அதைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப், ஒரு சின்ன பேட்டரி, பெரும்பாலும் ஒரு மைக். ப்ளூடூத் ஹெட்போனுக்குள்ளும் இதே சாமான்கள்தான், காதுக் கிண்ணத்துக்குள் வைத்து மூடியிருப்பார்கள். அங்கே பேட்டரி படுத்தால் பெரும்பாலும் ஹெட்போனும் சேர்ந்தே படுக்கும். இங்கே பெட்டி மட்டும் போகும், ஹெட்போன் தப்பித்துக்கொள்ளும்.

ஒலியின் குணம் முக்கால்வாசி ஹெட்போனிலிருந்துதான் வருகிறது, அதில் ஒலியை எழுப்பும் டிரைவர், காதுப் பஞ்சு, கிண்ணத்தின் வடிவம். அதனால் ஓரளவு ஒழுங்கான அடாப்டராக இருந்தாலே உங்கள் ஹெட்போன் உங்கள் ஹெட்போனாகத்தான் ஒலிக்கும். ஆனால் ஒன்று, ஒயர் முழுசாகப் போய்விடாது. போனிலிருந்து, சட்டையில் பெட்டியை மாட்டிய இடம் வரைக்கும்தான் ஒயர் இல்லை, அங்கிருந்து காது வரை அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிறவர்களுக்கும் வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி தேவைப்படுகிறவர்களுக்கும் இது சரிப்படாது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேட்கிற ஆள் என்றால் இதுவும் வேண்டாம், போனின் யுஎஸ்பி-யில் செருகும் விரல் நீள டாங்கிள் போதும். அதில் பேட்டரி இல்லை, ப்ளூடூத்தில் அனுப்புவதற்காகப் பாட்டைச் சுருக்குவதும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் கேட்கும்போது நானே டாங்கிள்தான் செருகுகிறேன்.

கேள்வி: அடாப்டர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ‘எல்டிஏசி, 990 கேபிபிஎஸ், ஹை-ரெஸ்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. என் ஐபோனில் போட்டுக் கேட்டால் பழைய அடாப்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏமாந்துவிட்டேனா? – காதைக் கழுவியும் பார்த்தவன்

பதில்: காதைக் குறை சொல்லாதீர்கள், ஐபோனில் எல்டிஏசி கிடையாது. இந்த மாதிரிப் பெட்டிக்கு ஐபோன் அனுப்புவது எஸ்பிசி, ஏஏசி இரண்டில் ஒன்றைத்தான், வழக்கமாக ஏஏசி. இவையெல்லாம் கோடெக்குகள், பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள். கோடெக் என்பது இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டிய பாஷை. அடாப்டருக்குப் பத்து பாஷை தெரிந்தாலும் போனுக்குத் தெரிந்ததில்தான் பேச்சு நடக்கும்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். சிடி-யில் இருக்கும் பாட்டு, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1411 கிலோபிட் (அதுதான் கேபிபிஎஸ்). ப்ளூடூத்தில் எல்லாக் கருவிக்கும் கட்டாயமான எஸ்பிசி, வழக்கமான உயர்தர அமைப்பில் 328. ஏஏசி ஐபோனில் சுமார் 256, எண் குறைவாக இருந்தாலும் சுருக்கும் முறை கெட்டிக்காரத்தனமானது, அதனால் எஸ்பிசி-க்கு அது தாழ்ந்ததில்லை. ஆப்ட்எக்ஸ் 352, ஆப்ட்எக்ஸ் எச்டி 576. சோனி 2015-ல் கொண்டுவந்த எல்டிஏசி-க்கு 330, 660, 990 என்று மூன்று படி. அந்த 990-ம் கூட 1411-ஐ விடக் குறைவுதான் என்பதைக் கவனியுங்கள், அட்டையில் ஹை-ரெஸ் முத்திரை இருப்பதால் எதுவும் இழக்காமல் வந்து சேர்கிறது என்று அர்த்தமில்லை. சிடி தரத்தை இழப்பே இல்லாமல் அனுப்ப 2021-ல் ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ் அறிவிக்கப்பட்டது. அதற்கும் இரண்டு பக்கமும் அதை அறிந்த சிப் வேண்டும், சிக்னலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எல்டிஏசி 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்தே அந்த இயங்குதளத்தில் இருக்கிறது, ஆனால் அடாப்டரை இணைத்ததும் அது தானாக ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். ப்ளூடூத் பட்டியலில் அடாப்டரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொடுங்கள், எச்டி ஆடியோ என்றோ எல்டிஏசி என்றோ ஒரு பொத்தான் அணைந்து கிடந்தாலும் கிடக்கும். அதற்கு மேல் நோண்ட வேண்டுமானால், செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தால், இப்போது எந்த கோடெக், எத்தனை கிலோஹெர்ட்ஸ், எல்டிஏசி எந்தப் படி என்று எல்லாம் இருக்கும். பெரும்பாலும் ‘நிலைமைக்கு ஏற்றபடி’ என்ற தேர்வில்தான் விட்டிருப்பார்கள். நெரிசலான இடத்தில் அது 330-க்கு இறங்கிவிடும், அதற்கு ஒழுங்கான ஏஏசி எவ்வளவோ தேவலாம் என்பது என் காதின் தீர்ப்பு. 990-ல் பூட்டி வைத்தால் வீட்டுக்குள் சரி, வெளியில் விக்கி விக்கிப் பாடும். நான் 660-ல் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போவதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, இன்னொருவரை விட்டு உங்களுக்குத் தெரியாமல் கோடெக்கை மாற்றச் சொல்லி, ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் பத்து முறை கேட்டுப் பாருங்கள். ஏஏசி-க்கும் எல்டிஏசி-க்கும் நடுவில் பத்துக்கு எத்தனை சரியாகச் சொல்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்து வைத்திருந்த தாளை யாருக்கும் காட்டுவதில்லை.

கேள்வி: வீட்டில் அருமையாகப் பாடுகிறது, தெருவில் இறங்கினால் விட்டு விட்டு வருகிறது. அடாப்டர் பழுதா?

பதில்: போனை எந்தப் பையில் வைக்கிறீர்கள்? என் கதையைச் சொல்கிறேன். பெட்டி இடப்பக்கக் காலர் ஓரம் கிளிப்பில், போன் பேன்ட்டின் வலப்பக்கப் பின்பையில். நேராக நடந்தால் பாட்டு ஒழுங்காக ஓடும், ஷூ நாடா கட்டக் குனிந்தால் போதும், ‘ட்ட்... ட்ட்...’ என்று நறுக்கி நறுக்கி வரும், நிமிர்ந்தால் சரியாகிவிடும். ஒரு வாரம் பெட்டியைத் திட்டிவிட்டு அப்புறம்தான் புரிந்தது, நடுவில் நிற்கிற நான்தான் தடை. ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும், மனித உடம்போ பெரும்பாலும் தண்ணீர். வீட்டுக்குள் என்றால் சுவரில் பட்டுத் திரும்பும் அலையாவது வந்து கைகொடுக்கும், வெட்டவெளியில் அதுவும் இல்லை. அதனால்தான் வீட்டில் நன்றாக இருப்பது தெருவில் தடுமாறுகிறது.

போனையும் பெட்டியையும் உடம்பின் ஒரே பக்கத்தில், முன்னால் வையுங்கள். பெட்டியை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள், சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். அப்படியும் விட்டு விட்டு வந்தால் கோடெக்கில் ஒரு படி இறங்குங்கள். வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு இரண்டும் இதே அலைவரிசைக்காரர்கள்தான், வீட்டிலும் விக்கினால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 300 ஓம் ஹெட்போன். சின்ன அடாப்டரில் சத்தம் போதவில்லை. பெரிய ஆம்ப் இல்லாமல் இதற்கு விமோசனமே இல்லையா?

பதில்: ஓம் கணக்கை, அதாவது ஹெட்போனின் மின் எதிர்ப்பை, மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், அதோடு சென்சிட்டிவிட்டியையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு சென்ஹைசர் எச்டி 600. அது 300 ஓம், 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. வோல்ட் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும். ஆகவே 2 வோல்ட் தரும் அடாப்டரில் 103, 4 வோல்ட் தருவதில் 109. இது உச்சத்துக்கான கணக்கு, பாட்டின் சராசரி இதற்கு வெகு கீழே இருக்கும். சாதாரண சினிமாப் பாட்டுக்கு 2 வோல்ட் தாராளம். கிசுகிசுப்பில் தொடங்கி இடியாக முடியும் பெரிய வாத்தியக் குழு இசையாக இருந்தால்தான், அமைதியான பகுதிக்காகச் சத்தத்தைக் கூட்டிவிட்டு உச்சம் வரும்போது மூச்சுத் திணறுவதைக் கேட்பீர்கள்.

ஆகவே வாங்கும் முன் ‘எத்தனை மில்லிவாட்’ என்று மட்டும் கேட்காமல் ‘எத்தனை வோல்ட்’ என்றும் கேளுங்கள். விளம்பரத்தில் வாட் கணக்கு பெரும்பாலும் 32 ஓமுக்குத்தான் இருக்கும். 32 ஓமுக்கு 2 வோல்ட் என்றால் 125 மில்லிவாட், அதே 2 வோல்ட் 300 ஓமில் 13 மில்லிவாட்தான், எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். குடெலிக்ஸ் 5கே, ஃபியோ-வின் பிடிஆர் வரிசையில் மேல்படி மாடல்கள் போன்ற அடாப்டர்களில், இடது வலது இரண்டையும் முழுக்கத் தனித்தனியாக ஓட்டும் பேலன்ஸ்டு ஜாக் தனியாக இருக்கிறது, கூடுதல் வோல்ட் அங்கேதான். பெட்டியில் ‘லோ கெயின், ஹை கெயின்’ (ஆம்ப் குறைவாகப் பெருக்க, அதிகமாகப் பெருக்க) என்று இருந்தால் உங்கள் ஹெட்போனுக்கு ஹை கெயின். நிறையப் பேர் இந்த ஒரு பொத்தானைத் தொடாமலே பெட்டியை விற்றுவிடுகிறார்கள்.

சென்சிட்டிவிட்டி ரொம்பக் குறைந்த சில பிளானர் (தட்டைப் படலம் வைத்த) ஹெட்போன்கள் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அவற்றுக்கு வோல்ட்டோடு கரண்டும் நிறைய வேண்டும், மேசை ஆம்ப்தான் வழி.

கேள்வி: எனக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. சத்தம் ஏராளம், ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரவில் தாங்க முடியவில்லை.

பதில்: காதுக்குள் செருகும் இயர்போன், அதிலும் பல டிரைவர் வைத்தது என்று நினைக்கிறேன். அவற்றுக்குக் காது ரொம்பக் கூர்மை, ஆம்ப்பின் சொந்த இரைச்சலைக்கூட நமக்குக் கேட்க வைத்துவிடும். லோ கெயினுக்கு மாறுங்கள், பேலன்ஸ்டு ஜாக்கை விட்டு 3.5-க்கு வாருங்கள், பெரும்பாலும் அங்கே இரைச்சல் குறைவு. அப்புறம் வால்யூமைப் பாருங்கள். போனில் குறைத்துப் பெட்டியில் கூட்டினால், நடுவில் இருக்கும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் என்றால் போனில் முழுசாகவோ ஒன்றிரண்டு புள்ளி குறைவாகவோ வைத்து, கூட்டிக் குறைப்பதைப் பெட்டியில் செய்யுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. நான் இப்படிப் போனை முழு வால்யூமில் வைத்துவிட்டு, அதை மறந்து, வேறொரு அடாப்டரை இணைத்துக் காதில் மாட்டியபடியே பாட்டைப் போட்டேன். மண்டைக்குள் பட்டாசுக் கடை வெடித்த மாதிரி இருந்தது. புதுசாக எதை இணைத்தாலும் ஹெட்போனைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் பாட்டைப் போடுங்கள், அப்புறம் காதில் மாட்டுங்கள்.

தொல்லை இரைச்சலாக இல்லாமல், பாட்டின் தொனியே மாறியிருப்பதாகத் தோன்றினால் அது வேறு நோய், காரணம் ஆம்ப்பின் சொந்த மின் எதிர்ப்பு, அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்பினுடையது போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள்.

கேள்வி: என் அடாப்டரில் 4.4 மி.மீ. ஓட்டையில்தான் சத்தம் அதிகம். என் ஹெட்போன் பின் 3.5. நடுவில் ஒரு மாற்றுப் பின் போட்டுச் செருகலாமா?

பதில்: கூடாது. கையை எடுங்கள். 3.5 பின்னில் இடது, வலது இரண்டின் மைனசும் ஒரே வளையத்தில் சேர்ந்திருக்கும். உங்கள் 4.4 ஓட்டை பேலன்ஸ்டு ஜாக், அதிலோ மைனஸ் பக்கத்துக்கும் தனித்தனி ஆம்ப் வேலை செய்கிறது. இரண்டையும் முட்டவிட்டால் ஷார்ட், பெட்டி புகைந்தாலும் புகையும். ஹெட்போனின் கேபிளையே கழற்றி 4.4 கேபிள் போட முடிந்தால் போடுங்கள். தலைகீழாக, அதாவது 4.4 கேபிளை மாற்றுப் பின் மூலம் 3.5 ஓட்டையில் செருகுவதில் ஆபத்தில்லை.

கேள்வி: டிவி-யின் ஹெட்போன் ஓட்டையில் இந்த அடாப்டரைச் செருகி, என் ப்ளூடூத் இயர்பட்ஸில் கேட்கப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: நடக்காது. இது ப்ளூடூத்தில் ஒலியை வாங்கும் பெட்டி, உங்களுக்கு வேண்டியது ஒலியைக் கொடுக்கும் பெட்டி, டிரான்ஸ்மிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் செய்கிற பெட்டிகளும் உண்டு, பக்கவாட்டில் டிஎக்ஸ் (கொடுக்க), ஆர்எக்ஸ் (வாங்க) என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்.

கேள்வி: பாட்டு அருமை. ஆனால் லேப்டாப்பில் ஆன்லைன் கூட்டம் தொடங்கியதும் எல்லாக் குரலும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது. விளையாட்டில் சுட்ட பிறகு சத்தம் வருகிறது. இரண்டுக்கும் மருந்து உண்டா?

பதில்: முதலாவதுக்கு உண்டு. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை. பெட்டியின் மைக்கைத் திறந்ததும் லேப்டாப் பேச்சுப் பாதைக்குத் தாவிவிடும், அங்கே ஸ்டீரியோ இல்லை, வழக்கமாக நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான், பாட்டுக்கு 44,100. எல்டிஏசி, ஆப்ட்எக்ஸ் எச்டி எதுவும் அந்தப் பாதையில் ஓடாது. கூட்டத்துக்கான செயலியில் மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீக்கருக்கு அடாப்டரை விடுங்கள். பாட்டுப் பாதை அப்படியே இருக்கும்.

இரண்டாவதுக்கு அரை மருந்துதான். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, பிரித்து, இடையில் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு பாடுவதற்குள் கால் நொடி வரை ஓடிவிடும். படம் பார்க்கும் செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதித்து உதட்டசைவைச் சரிக்கட்டிவிடுகின்றன, விளையாட்டில் அது முடியாது, நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாதே. ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி இரண்டு பக்கமும் இருந்தால் தாமதம் 40 மில்லிநொடி அளவுக்கு இறங்கும், ஆனால் அது இருக்கிற போன்கள் குறைவு. நல்ல அடாப்டர்கள் பலவற்றை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ஒயர் டிஏசி-யாகவும் ஓட்டலாம். விளையாடும் நேரத்தில் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: அப்படி யுஎஸ்பி-யில் நாள் முழுக்கச் செருகியே வைத்தால் பேட்டரி கெடாதா?

பதில்: மெல்ல மெல்லக் கெடும். லித்தியம் பேட்டரிக்கு எப்போதும் நிரம்பியே இருப்பதும் சூடும் ஆகாது. சில பெட்டிகளின் மெனுவிலோ செயலியிலோ, யுஎஸ்பி-யில் ஓடும்போது சார்ஜ் ஏற்றாதே என்று ஒரு தேர்வு இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு சத்தத்தில் எவ்வளவு நேரம் கேட்கலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10. சிறுவர்களுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். போன் காட்டும் டெசிபல் கணக்கை இந்த அடாப்டர்களோடு நம்பாதீர்கள், மறுமுனையில் எந்த ஹெட்போன் செருகியிருக்கிறது என்பது போனுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ஹெட்போன், பாஸ் (கனத்த அடித்தொனி) கொஞ்சமும் இல்லை, எல்லாம் மெலிந்து கேட்கிறது. நல்ல டிஏசி சிப் உள்ள அடாப்டர் வாங்கினால் பாஸ் திரும்புமா? காதுப் பஞ்சு கொஞ்சம் உதிர்கிறது, மற்றபடி ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. – அப்பாவின் பிள்ளை

பதில்: பாஸ் போன வழியை நீங்களே கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். மூடிய கிண்ணம் உள்ள ஹெட்போனில், பஞ்சு காதைச் சுற்றி இறுக்கமாக மூடினால்தான் பாஸ் நிற்கும், ஓரத்தில் காற்று கசிந்தால் எந்த சிப்பும் அதைக் கட்டிப் பிடிக்க முடியாது. சோதித்துப் பாருங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணத்தையும் கையால் காதோடு மெதுவாக அழுத்துங்கள். பாஸ் சட்டென்று பொங்கி வந்தால் பழுது பஞ்சில்தான். அந்த மாடலுக்கான பஞ்சு ஒரு ஜோடி வாங்குங்கள், பழசை விளிம்பில் நகம் கொடுத்துச் சுற்றிலும் நெம்பினால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும், அடியில் இருக்கும் மெல்லிய துணியைக் கிழித்துவிடாதீர்கள். அடாப்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பஞ்சு மாற்றியும் பாஸ் வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.